சத்தம் குடியிருந்த கை

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த அந்தப் பெண்ணின் இடது மணிக்கட்டில் ஒரு சத்தம் குடியிருந்தது. கேட்டுக்கொண்டு வந்த குடித்தனமும் இல்லை, காலி பண்ணச் சொல்லக்கூடிய குடித்தனமும் இல்லை. பகல், இரவு, ஞாயிற்றுக்கிழமை என்று எதையும் பார்க்காமல் அது தன்பாட்டுக்கு இரைந்துகொண்டே இருக்கும். கன்னத்துக்குப் பக்கத்தில் கையை வைத்தால், அடுத்த வீட்டில் யாரோ ஓய்வே இல்லாமல் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பதுபோல் கேட்கும்.

சத்தம் வந்த கதை சுருக்கமானது. சிறுநீரகங்கள் இரண்டும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி ஒரே சமயத்தில் வேலையை நிறுத்திவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி மிஷின்தான் ரத்தத்தை வாங்கிக் கழுவித் திருப்பித் தர வேண்டும் என்று ஆயிற்று. மிஷினுக்கு எப்போதும் அவசரம். கையில் சாதாரணமாக ஓடுகிற ரத்தம் அதற்குப் போதாது. அதனால் டாக்டர் மணிக்கட்டில் வேகமாக ஓடுகிற ரத்தக்குழாய் ஒன்றையும் மெதுவாக ஓடுகிற குழாய் ஒன்றையும் சேர்த்துத் தைத்துவிட்டார். அந்த வாசலில் ரத்தம் முட்டி மோதி, சுவரில் உரசி, சுழன்று ஓடும்போது எழுகிற சத்தம்தான் அது. ஆஸ்பத்திரியில் அதற்கு பிஸ்டுலா என்று பெயர். வீட்டில் 'சின்ன எஞ்சின்'.

பெயர் வைத்தவர் அவள் கணவர். சரக்குக் கப்பல் ஒன்றின் எஞ்சின் அறையில் அவர் ஆயில்மேன். எண்ணெய் போடுவது, துடைப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகக் காது கொடுத்துக் கேட்பது, இதுதான் வேலை. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்தால் உள்ளே நடப்பது அவருக்குத் தெரிந்துவிடும். விடுமுறைக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார், மின்விசிறி என்று வீட்டில் ஓடுகிற எல்லாவற்றையும் காதை வைத்து நலம் விசாரித்துவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பார். "வீட்டுல பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்கா, ஞாபகம் இருக்காடா?" என்று அவருடைய அக்கா கேட்பாள். அவர் அசடு வழியச் சிரிப்பார்.

ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறை வந்தபோது, எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிட்டுக் கடைசியாகத் தன் காதை அவள் மணிக்கட்டில் வைத்தார். சவரம் செய்யாத கன்னம் உள்ளங்கையில் குத்தியது. கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தார். சூடான காது. அவர் திரும்பக் கப்பலேறி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்தச் சூடு அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. கடைக்கு வருகிறவர்களின் முகத்தில் ஃபிரேமை மாட்டி, காதுக்குப் பின்னால் சரியாக உட்காருகிறதா என்று நாளெல்லாம் விரலால் தடவிப் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. ஊரில் இருக்கிற காதெல்லாம் அவள் கைக்கு வந்தது. வேண்டிய காது மட்டும் கடலில் இருந்தது.

ஆனாலும் மனிதர் சும்மா போகவில்லை. ஒரு ஸ்டெதஸ்கோப்பை வாங்கி, காதில் மாட்டுகிற பாகத்தை வெட்டிப் போட்டுவிட்டு, ரப்பர் குழாயின் முனை போனின் மைக்கில் கச்சிதமாக உட்காரும்படி ஒரு மூடி செய்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். காலையில் அவள் கடைக்குக் கிளம்பும் முன்னால், கப்பலுக்கு சிக்னல் இருந்தால், கூப்பிடுவார். சாப்பிட்டாயா, தூங்கினாயா எல்லாம் முடிந்த பிறகு குரல் கொஞ்சம் இறங்கும்.

"சரி, சின்ன எஞ்சின்கிட்ட குடு."

அவள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு ஸ்டெதஸ்கோப்பின் வட்டத் தட்டை மணிக்கட்டில் வைப்பாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும்.

"இன்னும் முடியலையா? என்கிட்ட பேசறதைவிட என் கைகிட்டதான் உங்களுக்கு ஜாஸ்தி."

"நீன்னா குறை சொல்லுவே. அது சொல்லாது."

வாயால் திட்டிக்கொண்டே தட்டை இன்னும் கொஞ்சம் அழுத்துவாள். அவர்கள் குடும்பம் நடத்தியது இப்படித்தான். வேறு வழி இருந்தால் வேறு மாதிரி நடத்தியிருப்பார்கள்.

வீட்டில் அவளுக்குத் துணை, அண்ணி என்று அவள் கூப்பிடுகிற கணவருடைய அக்காதான். துணை என்று சொல்வதைவிட தண்ணீர் போலீஸ் என்று சொல்லலாம். மிஷின் நோயாளி இஷ்டத்துக்குத் தண்ணீர் குடிக்க முடியாது. ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில், அதற்குள் காப்பியும் அடக்கம். அண்ணி காலையில் பாட்டிலை நிரப்பி மேஜை மேல் வைத்துவிட்டு, கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெயில் காலத்தில் கடையிலிருந்து வந்து, குழாயைத் திறந்து முகம் கழுவும்போது இரண்டு வாய் விழுங்கிவிடலாமா என்று இவளுக்கு உயிரே போகும். "முகம் கழுவ இவ்வளவு நேரமா?" என்று கதவுக்கு வெளியே குரல் கேட்கும். தாகத்தோடே படுத்து தாகத்தோடே எழுந்திருப்பாள். எதற்குத் தாகம் என்று சில நாள் அவளுக்கே குழம்பிப்போகும்.

அந்த வருஷம் ஒப்பந்தம் முடிந்து அவர் வந்திருக்க வேண்டும். மாற்று ஆள் கிடைக்கவில்லை என்று கம்பெனி இன்னும் ஆறு மாதம் நீட்டிவிட்டது. செய்தி வந்த அன்றைக்குக் கடையில் மூக்குத் தாங்கியை வளைக்கப்போய், வேலைக்குச் சேர்ந்த காலம்தொட்டு செய்யாத காரியமாக, ஒரு நல்ல ஃபிரேமை இரண்டாக உடைத்தாள். முதலாளி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, துண்டுகளைத் தானே பொறுக்கிப் போட்டார்.

பிறகு ஒரு காலை அவர் வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே கூப்பிட்டார். குரல் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"அடுத்த மாசம் கப்பல் ரிப்பேருக்கு ஒதுங்குது. நம்ம நாட்டுத் துறைமுகம்தான், ரயில்ல ஒரு ராத்திரிப் பயணம். சனியும் ஞாயிறும் நிக்கும். எஞ்சினைப் பிரிக்கறோம், அதனால வீட்டுக்கு வர லீவு தர மாட்டாங்க. ஆனா சாயந்திரம் துறைமுக கேட்டுக்கு வெளிய விடுவாங்க. எதிர்க்க ஒரு டீக்கடை இருக்கு, பெஞ்சு போட்டிருக்கும். நீ... வர முடியுமா?" கேட்டுவிட்டு அவரே பயந்துபோனார். "முடியலன்னா வேணாம்மா."

"வரேன்," என்றாள் அவள். யோசிக்கவே இல்லை.

யோசிக்கிற வேலையை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். "உடம்பு இருக்கற இருப்புல ரயில் பயணமா? வழியில ஒண்ணு ஆச்சுன்னா அவனுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று அண்ணி குதித்தாள். கடைசியில் வழக்கு டயாலிசிஸ் நர்ஸிடம் போயிற்று. நர்ஸுக்கு இவள் வயதுதான். நாக்குக்கு மட்டும் பத்து வயது மூப்பு.

"வெள்ளிக்கிழமை மிஷின் முடிஞ்சா அடுத்தது திங்கள்தான். நடுவுல போயிட்டு வரலாம், தப்பில்ல. ஆனா உங்க ஒடம்புல ரத்தம் எங்க இருக்கு? கலர் தண்ணிதான் ஓடுது. பாதி பிளாட்பாரத்துல உக்காந்துடுவீங்க. ஊசி போடறேன், ரத்தம் ஏறட்டும். ஏறினா டிக்கெட் எடுங்க, கண்ணாடிக் கடையம்மா. ஏறலன்னா என்கிட்ட அழுவாதீங்க."

அன்றிலிருந்து அவள் மாதிரி சொன்ன பேச்சு கேட்ட நோயாளியை அந்த வார்டு பார்த்ததில்லை. ஊசி நாளைத் தவறவிடவில்லை. பாட்டிலில் ஒரு வாய் மிச்சம் வைத்து அண்ணியையே அசத்தினாள். ரத்தம் மெல்ல மெல்ல ஏறியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது குறைந்தது. கூடவே இன்னொன்றும் குறைந்தது. மணிக்கட்டுச் சத்தம் முன்னைப்போல் ஆர்ப்பாட்டமாக இல்லாமல் அடங்கிக் கேட்டது.

நர்ஸிடம் கேட்டாள்.

"அது அப்படித்தான். ரத்தம் தண்ணியா இருந்தா குழாய்ச் சுவத்துல மோதி ஏகத்துக்கும் சுழலும், கூச்சல் போடும். கெட்டியானா அந்த ஆட்டம் கொஞ்சம் அடங்கும், சத்தமும் அடங்கும். அது நல்லதுதான்." நர்ஸ் உடனே விரலை நீட்டினாள். "ஆனா ஒண்ணு. அடங்கறது வேற, தேயறது வேற. நாளுக்கு நாள் தேஞ்சுதுன்னா, விரல் வெச்சா அதிர்வு தெரியலன்னா, நடுவுல விசில் மாதிரி கேட்டுச்சுன்னா, அன்னிக்கே வந்துடணும். மறுநாள்னு வெச்சுக்காதீங்க. உள்ள அடைக்குதுன்னு அர்த்தம்."

கணவரிடம் இதைச் சொன்னபோது அவள் முதல் பாதியைத்தான் சொன்னாள். இரண்டாவது பாதி பயமுறுத்துகிற பாதி. நடுக்கடலில் இருக்கிற மனிதருக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டாள்.

அவருக்கோ முதல் பாதியே விருந்து. "கரெக்டு!" என்றார். "இங்கயும் அதே கதைதான். பாதி மூடின வால்வு வழியா சூடான எண்ணெய் போனா சீறும். அதே எண்ணெய் ஆறிக் கெட்டியாயிட்டா சத்தமே இல்லாம நகரும். அப்போ உன் ரத்தம் சரக்குள்ள ரத்தமாயிடுச்சுன்னு சொல்லு!" டிக்கெட் எடுத்தாயிற்று. அவள் ஒரு புது உடை வாங்கினாள், கை நீளமானது. தழும்பு மறைவதற்கா என்று துணிக்கடைப் பெண் கேட்டதற்குத் தலையாட்டினாள். பிறகு யோசித்து, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அரைக் கை உடையாக எடுத்துக்கொண்டாள். காது வைக்கிறவருக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது.

பயண வாரம் வந்தது. புதன்கிழமை காலை அவர் கேட்டார், நீண்ட நேரம் கேட்டார்.

"எவ்வளவு அமைதியா ஓடுது பாரு! நல்ல எஞ்சினுக்கு அதுதான் அடையாளம். ஓடறதே தெரியக் கூடாது."

எஞ்சின்காரர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. அவர் உலகத்தில் சத்தம் என்றால் கோளாறு, அமைதி என்றால் ஆரோக்கியம். அவள் கையில் கணக்கு நேர்மாறு. அவருக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டியவள் அவள்தான். சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள். அதிர்வு இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டாள். அன்றைக்கு மிஷினில் வேறொரு நர்ஸ்; சத்தத்தைக் கேட்டுப் பார்க்காமலே ஊசியைக் குத்திவிட்டாள், இவளும் வாய் திறக்கவில்லை.

வியாழன் காலை அவர் இன்னும் கவனமாகக் கேட்டார்.

"நடுவுல ஒரு சின்ன விசில் கேக்குதே?"

அவள் தட்டைக் கையிலிருந்து எடுத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள். ரயில் நாளைக்கு. டீக்கடை, பெஞ்சு, காது, எல்லாம் நாளை மறுநாள். ஒரே ஒரு நாள்தானே, வெள்ளிக்கிழமை எப்படியும் மிஷினுக்குப் போகிறோம், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

"போன் கோளாறுங்க. ரெண்டு நாளாவே இப்படித்தான் இருக்கு," என்றாள்.

"அதானே பாத்தேன்," என்றார் அவர் நிம்மதியாக.

வெள்ளிக்கிழமை பையோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கிருந்து நேராக ஸ்டேஷன் என்று திட்டம். கட்டிலில் படுத்துக் கையை நீட்டினாள். நர்ஸ் வழக்கம்போல் ஏதோ கேலி பேசிக்கொண்டே விரலை வைத்தாள். கேலி பாதியில் நின்றது. ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். இடத்தை மாற்றி வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"எப்போலேர்ந்து?"

"நேத்து... முந்தாநாள்லேர்ந்து கொஞ்சம்..."

"முந்தாநாள்!" நர்ஸுக்குக் கோபத்தில் குரல் உடைந்தது. "முந்தாநாளே சொல்லியிருந்தா திறந்திருக்கலாம்! நான் எத்தனை தடவை படிச்சுப் படிச்சு சொன்னேன்?" திட்டிக்கொண்டே போனை எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேசினாள், ஸ்ட்ரெச்சருக்குச் சொன்னாள், பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். நர்ஸும் அழுதுகொண்டிருந்தாள்.

டாக்டர்கள் முயன்றார்கள். அடைப்பு கெட்டிப்பட்டுப்போயிருந்தது, திறக்கவில்லை. கழுத்தில் ஒரு குழாயைப் போட்டு மிஷினை ஓட்டினார்கள். ரயில் அதன் நேரத்துக்குப் போயிற்று.

அந்தப் படுக்கையில் அவளைத் தூங்கவிடாமல் செய்தது கழுத்து வலி இல்லை. அமைதி. கன்னத்துக்குப் பக்கத்தில் கையை வைத்தால் ஒன்றுமே கேட்கவில்லை. கட்டை மாதிரி இருந்தது. இத்தனை நாள் அந்த இரைச்சலை அவள் பெரிதாக நினைத்ததில்லை. போன பிறகுதான், அது இருந்தவரை தான் ஒருநாளும் தனியாக இருந்ததில்லை என்று பட்டது. கண்ணீர் காதுக்குள் வழிந்தது. துடைக்கவில்லை.

அண்ணிதான் அவருக்குச் சொன்னாள். அவர் லீவு கேட்டார், கெஞ்சினார். எஞ்சின் பிரித்துக் கிடந்தது, விடவில்லை. சனியும் ஞாயிறும் இரண்டு பேரும் ஒரே மண்ணில் இருந்தார்கள், நடுவில் ஒரு ராத்திரிப் பயணம். சனிக்கிழமை சாயந்திரம் அவர் கேட்டுக்கு வெளியே வந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. திங்கட்கிழமை கப்பல் கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகும் அவர் தவறாமல் கூப்பிட்டார். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, கழுத்து வலிக்கிறதா, எல்லாம் கேட்டார். குரல் மட்டும் இறங்கவே இல்லை. எல்லாம் கேட்டு முடித்ததும், "சரி, வெச்சுடறேன்," என்பார். அவளுக்கு அது ஒவ்வொரு நாளும் சுருக்கென்று குத்தியது. கோபம்தான், வேறென்ன, என்று நினைத்துக்கொண்டாள். கைக்கு வந்ததைக் கெடுத்தவள் மேல் யாருக்குத்தான் கோபம் வராது? அண்ணி இப்போது பாட்டிலைப் பார்ப்பதை விட்டுவிட்டு இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதம் ஒன்று கழித்து முழங்கைக்கு மேலே புதிதாக இன்னொரு இணைப்பு போட்டார்கள். கட்டுப் பிரித்த அன்று நர்ஸ் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, அதைக் கழற்றி இவள் காதில் மாட்டினாள். பழையதைவிடக் கனமான சத்தம். அடியில் எங்கோ பெரிய சக்கரம் சுற்றுவதுபோல் இருந்தது. "இதுக்கு ஏதாவது ஆச்சு, நான் உங்களைத் திட்டக்கூட மாட்டேன், பேசவே மாட்டேன்," என்றாள் நர்ஸ்.

மறுநாள் காலை அவர் கூப்பிட்டார். வழக்கமான கேள்விகள் முடிந்தன. "சரி, வெச்சுட..."

"இருங்க," என்றாள். ஸ்டெதஸ்கோப் மூடி கையிலேயே இருந்தது. "புதுசு ஒண்ணு வந்திருக்கு. கேக்கறீங்களா?"

பின்னால் கப்பல் எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"வேணாம்மா."

"ஏங்க? என்மேல அவ்வளவு கோபமா?"

"உன்மேல எனக்கென்ன கோபம்?" என்றார் அவர். "அன்னிக்கு அந்த விசிலைக் கேட்டேன். இங்க எஞ்சின்ல அப்படிக் கேட்டிருந்தா, உடனே நிறுத்தி, பிரிச்சுப் பாத்துட்டுத்தான் சாப்பாட்டுல கையே வெச்சிருப்பேன். உன் கையில கேட்டுட்டு விட்டுட்டேன். நல்லா ஓடுதுன்னு முதல் நாள் சொன்னவன் நான். என் காதை நம்பித்தானே நீ சும்மா இருந்தே? மறுபடியும் நான் கேட்டு, மறுபடியும் தப்பா சொல்லி... முடியாதும்மா. என்னால முடியாது."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளும் இந்தக் கரையில் ஒருத்தி, கடலில் ஒருவர், இரண்டு பேரும் ஒரே பழியைத் தனித்தனியாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

"போன் கோளாறுன்னு சொன்னது யாரு?" என்றாள். "விரல் வெச்சுப் பாத்தேங்க. தேஞ்சது எனக்குத் தெரியும். விசில் கேட்டா உடனே வரணும்னு சிஸ்டர் சொன்னதை உங்ககிட்ட மறைச்சதும் நான்தான். உங்களைப் பாக்கணும். அவ்வளவுதாங்க. வேற ஒண்ணும் என் கண்ணுக்குத் தெரியல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"நல்லா ஓடுதா இல்லையான்னு சொல்றதுக்கு இங்க சிஸ்டர் இருக்காங்க, டாக்டர் இருக்காரு, போதாததுக்கு உங்க அக்கா இருக்காங்க," என்றாள் அவள். "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா கேளுங்க."

தட்டைக் கைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். போனில் கப்பல் எஞ்சினின் உறுமல் நகர்ந்து நகர்ந்து தூரப் போயிற்று. படியேறுகிற காலடி கேட்டது. ஒரு கனமான இரும்புக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவருடைய மூச்சு மட்டும்.